80 டாலர் பாஸ் ஒன்று போதுமா? லாஸ் வேகஸ் சுற்றுப் பயணத்துக்கு ஒரு வாசல் கணக்கு

மார்ச் விடுமுறையில் டாலஸிலிருந்து லாஸ் வேகஸுக்கு விமானத்தில் வருகிறீர்கள். அங்கே வாடகைக் கார் எடுத்து ஏழு நாளில் ஸையன், பிரைஸ் கேன்யன், பேஜ், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று சுற்றிவிட்டு மறுபடி வேகஸுக்கே வந்து சேர்வதாகத் திட்டம். நீங்கள், மனைவி, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள், ஆறு வயது மகன். எல்லோருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. நேஷனல் பார்க் வருடப் பாஸை 80 டாலருக்கு வாங்கிவிட்டால் டிக்கெட் செலவு அதோடு முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கொஞ்சம் ஆதங்கமாக, மலையையும் பள்ளத்தாக்கையும் பார்க்க வாசலுக்கு வாசல் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். எந்த வாசலில் யார் காசு வாங்குகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும்.

நான் நெவாடாவில் பல வருடங்களாக வசிக்கிறேன். விருந்தாளிகளுக்கும் நண்பர்களின் குடும்பங்களுக்கும் இந்தச் சுற்றைத் திட்டம் போட்டுக் கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெட்ரோலுக்கும் ஓட்டலுக்கும் ஒழுங்காகக் கணக்குப் போட்டு வருபவர்கள்கூட வாசல் கட்டணத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் எல்லாம் ஒரே சிவப்புப் பாறை நிலமாகத் தெரிவதுதான் காரணம். உண்மையில் நீங்கள் போகும் வழியில் அமெரிக்க மத்திய அரசின் நிலம், நெவாடா மாநில அரசின் நிலம், நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலம், இரண்டு சிறு ஊர்களின் பார்க்கிங் இடங்கள் என்று நிலத்துக்கு நிலம் கை மாறுகிறது. நம்மூர்ப் பெரிய கோயில்களில் சிறப்புத் தரிசனச் சீட்டின் காசு கோயிலுக்கும், வண்டி நிறுத்தும் காசு ஊராட்சிக்கும் போவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 80 டாலர் பாஸ் மத்திய அரசின் நிலத்தில் மட்டும்தான் செல்லும்.

முதலில் அந்தப் பாஸையே பார்த்துவிடுவோம். ஸையன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் ஒரு காருக்குத் தலா 35 டாலர். அந்த டிக்கெட் ஏழு நாள் செல்லும். மூன்றும் சேர்ந்து 105 டாலர் ஆகிறது. ஆக 80 டாலர் பாஸ் இந்தப் பயணத்திலேயே அதன் விலையைக் கொடுத்துவிடும். பேஜ் அருகே லேக் பவல் கரையில் இறங்கி நிற்க ஆசைப்பட்டால் அங்கே காருக்கு 30 டாலர் கேட்கும் கிளென் கேன்யன் வாசலிலும் இதே பாஸ் செல்லும். பாஸ் ஆளுக்குத்தான், வண்டிக்கு அல்ல. அதனால் வாடகைக் கார் என்பதால் ஒரு சிக்கலும் இல்லை. பாஸில் பெயர் உள்ளவர் காரில் இருக்க வேண்டும், புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் அந்த 80 டாலர்கூடத் தேவைப்படாமல் போகலாம். மகள் நாலாம் வகுப்பு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே விலைமதிப்புள்ள வரி எனக்கு அதுதான். அமெரிக்காவில் வசிக்கும் நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மத்திய அரசு ஒரு வருட இலவசப் பாஸ் தருகிறது. எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும். குழந்தையோடு அதே காரில் வரும் குடும்பம் முழுவதற்கும் நுழைவு இலவசம். அரசின் இணையதளத்தில் குழந்தையே ஒரு சிறிய பயிற்சியை முடித்தால் சீட்டு வரும். அதைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள், போனில் எடுத்த படத்தை நம்பிப் போக வேண்டாம். வாசலில் அவளே அந்தச் சீட்டை நீட்டட்டும். முகாம் கட்டணம், தனி அனுமதிச் சீட்டு போன்றவை இதில் அடங்காது. ஆனால் உங்கள் பட்டியலில் அவை எதுவும் இல்லை. ஸையனில் உள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறை ஏற 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம். ஆறு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அந்தச் சங்கிலிப் பாதையை நினைக்கவே வேண்டாம்.

மாமனார் மாமியாரும் ஊரிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளக்கூடும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். அது கணக்கையே மாற்றிவிடும், அதனால் அதை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வருடப் பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் வந்தால், கூட்டம் அதிகமுள்ள 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 100 டாலர் கட்ட வேண்டும். அந்தப் பதினொன்றில் ஸையன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் இருக்கின்றன. மூன்று பூங்கா, இரண்டு பெரியவர்கள் என்றால் பாஸ் இல்லாத கணக்கில் 600 டாலர். 250 டாலர் பாஸ் அதைவிட எவ்வளவோ மேல். உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டு விருந்தினரும் ஒரே காரில் வந்தால் யாருடைய பாஸ் யாரையெல்லாம் உள்ளே அனுமதிக்கும் என்பதில் மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விதி புதிது, நடைமுறை மாறக்கூடியது. கிளம்பும் வாரத்தில் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து, காரில் யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக் கேளுங்கள். அதுவரை 250 டாலரை ஒதுக்கியே வையுங்கள்.

இனி பாஸ் செல்லாத வாசல்கள். வேகஸிலிருந்து ஸையன் போகும் வழியில் கொஞ்சம் விலகினால் வேலி ஆஃப் ஃபயர் வரும். அது நெவாடா மாநிலப் பூங்கா. வெளிமாநில நம்பர் பிளேட் உள்ள காருக்கு 15 டாலர். உங்கள் வாடகைக் கார் நெவாடா நம்பரில் இருந்தாலும் 15 என்றே எழுதிக்கொள்ளுங்கள், குறைந்தால் லாபம். காலை வெயிலில் அந்தப் பாறைகளின் நிறத்துக்காக இந்த 15 டாலரைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஸையனில் நுழைவுக்குப் பாஸ் இருக்கிறது, காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் செலவு. ஷட்டில் பஸ் ஓடும் மாதங்களில் முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள். மார்ச்சில் அது பெரும்பாலும் தொடங்கிவிடும். பஸ் இலவசம். ஆனால் வாசலருகே உள்ள பார்க்கிங் விடிந்த கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும். அப்புறம் பக்கத்து ஊரான ஸ்பிரிங்டேலில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு நடந்தோ ஊர்ப் பஸ்ஸிலோ வர வேண்டும். அந்தக் காசு ஊருக்கும் தனியாருக்கும் போகிறது, பாஸ் செல்லாது. நாளுக்கு 20 டாலர் ஒதுக்கினால் சரியாக இருக்கும். ஸ்பிரிங்டேலிலேயே அறை எடுத்தால் காரை ஓட்டலிலேயே விட்டுவிட்டு ஊர்ப் பஸ்ஸில் வாசல் வரை வந்துவிடலாம், அதுவும் இலவசம். அறை வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரைஸில் பணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, குளிரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பள்ளத்தின் விளிம்பு 8,000 அடிக்கு மேல் இருக்கிறது, மார்ச்சில் பனி கிடக்கும். பாறை இடுக்குகளில் இறங்கும் நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, அங்குள்ள பாறைத் தூண்களைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போகும் மாதத்தில் அந்த வேலை கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும். குழந்தைகளுக்குக் கனமான ஜாக்கெட்டும் வழுக்காத காலணியும் வாங்குவதாக இருந்தால் டாலஸிலேயே வாங்கிவிடுங்கள்.

பேஜ் ஊரில்தான் பணப்பை உண்மையில் திறக்கும். ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற அந்த ஆற்று வளைவைப் பார்க்கும் இடம் மத்திய அரசின் நிலம். ஆனால் பார்க்கிங் பேஜ் ஊருடையது. காருக்கு 10 டாலர், பாஸ் செல்லாது. போய் வர ஒன்றரை மைல் நடை, நிழல் மிகக் குறைவு. அதை முடித்துவிட்டு ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பிளவு. அது நவஹோ நிலம். வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, டூர் நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும். நிறுவனத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஒரு பெரியவருக்கு 60 டாலரிலிருந்து 100ஐத் தாண்டியும் போகும். முதலில் தெரியும் விலையில் நவஹோ அனுமதிக் கட்டணமும் வரியும் சேராமல் இருக்கலாம். பணம் கட்டும் கடைசித் திரையில் வரும் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். நால்வருக்கு 250 முதல் 400 டாலர் வரை என்று பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக் கட்டணம் எத்தனை வயது வரை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மேல் ஆன்டிலோப்பா, கீழ் ஆன்டிலோப்பா என்பது அடுத்த கேள்வி. மேலே உள்ளது சமதளமாக நடக்கலாம், அதன் புகழ் உச்சி வெயிலில் குகைக்குள் இறங்கும் ஒளிக்கற்றையால் வந்தது. அந்த ஒளிக்கற்றை ஏறத்தாழ மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் தெரியும். நீங்கள் மார்ச் நடுவில் போகிறீர்கள். ஒளிக்கற்றைக்காக ஏற்றி வைத்த உச்சிவேளை விலையைக் கொடுத்து, ஒளிக்கற்றை இல்லாமல் திரும்ப வேண்டாம். அதோடு மேல் பகுதிக்கு அவர்கள் வண்டியில் ஏற்றித்தான் அழைத்துப் போவார்கள். அரிசோனா சட்டப்படி உங்கள் மகன் வயதுக் குழந்தைக்கு வண்டியில் பூஸ்டர் இருக்கை வேண்டும், அதையும் சுமக்க வேண்டியிருக்கும். கீழ்ப் பகுதிக்கு நடந்தே போகலாம். உள்ளே செங்குத்தான இரும்புப் படிகள் உண்டு, ஆறு வயதுப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவான். உங்கள் குடும்பத்துக்குக் கீழ் ஆன்டிலோப்தான் என் தேர்வு. கூட வரும் மாமனாருக்கோ மாமியாருக்கோ முழங்கால் வலி இருந்தால் மட்டும் இந்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் 11 பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி, மேல்பகுதியில். அந்த நீர் முழுவதும் குறுகலான பாறைப் பிளவுக்குள் சுவர் போலப் பாய்ந்து வந்தது. அன்றைக்கு அங்கே இருந்தவை மர ஏணிகள். இன்று பாறையில் அறைந்த இரும்புப் படிகள் இருக்கின்றன, வானிலையைக் கவனிக்க ஆள் இருக்கிறார், மேகம் திரண்டால் டூரை நிறுத்தும் அதிகாரம் வழிகாட்டியிடம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் காசில் இதெல்லாம் அடங்கும். நவஹோ மக்களுக்கு 1868இல் அமெரிக்க அரசோடு நடந்த ஒப்பந்தத்தில் தாயகத்தின் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. அந்த நிலத்தைக் காட்டி வரும் வருமானம் அங்குள்ள குடும்பங்களுக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். மத்திய அரசுப் பூங்காக்களிலும் காசு காணாமல் போவதில்லை. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது விதிப்படி வசூலில் 80 சதவீதம் வசூலான இடத்திலேயே செலவாகிறது. நீங்கள் நடக்கும் பாதை, கழிப்பறை, குடிநீர்க் குழாய் எல்லாம் அதில் வருபவை. அப்படியிருந்தும் 400 டாலர் உறுத்துகிறது என்றால் ஆன்டிலோப்பை விட்டுவிடுங்கள், தவறே இல்லை. அந்த நாளை ஸையனிலோ பிரைஸிலோ கூட்டிக்கொண்டால் குழந்தைகளுக்கு ஓடி விளையாட இடம் கிடைக்கும். அங்கே நுழைவுக்குக் கூடுதல் செலவும் கிடையாது.

மான்யுமென்ட் வேலியும் நவஹோ பூங்காதான். அங்கே கட்டணம் காருக்கு இல்லை, தலைக்கு 8 டாலர். நால்வருக்கு 32 என்று எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே 17 மைல் மண் சாலை ஒன்று பாறைக் கோபுரங்களுக்கு நடுவே சுற்றி வருகிறது. இங்கேதான் வாடகைக் கார் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. மண்ணில் வண்டி மாட்டிக்கொண்டால் இழுத்து வரும் செலவும் சேதமும் உங்கள் தலையில் விழும், காப்பீடும் கைவிடலாம். தாழ்ந்த காராக இருந்தால் வாசலருகே உள்ள காட்சிமேடையிலேயே நின்று பாருங்கள், புகழ்பெற்ற மூன்று பாறைகளும் அங்கிருந்தே தெரியும். உள்ளே போயே ஆக வேண்டும் என்றால் நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போகலாம். அதற்கு ஆன்டிலோப் அளவுக்கு இன்னொரு தொகை எடுத்து வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

பணத்தை வீணாக்கும் இன்னொரு விஷயம் கடிகாரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடந்துவிட்டால் நெவாடாவும் அரிசோனாவும் ஒரே நேரத்தில் இருக்கும்; யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். அரிசோனா கோடைநேரத்துக்கு மாறுவதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ நிலம் மாறுகிறது. பேஜ் ஊர் அரிசோனா நேரத்தில் ஓடுகிறது, ஆன்டிலோப் டூர்களும் அதே நேரப்படிதான். மான்யுமென்ட் வேலி ஒரு மணி நேரம் முன்னால். உங்கள் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜில் இருக்கும்போது போனின் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் நேரம் என்று கையால் வைத்துவிடுங்கள். தாமதமாக வந்தவர்களுக்கு டூர் நிறுவனங்கள் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

கிராண்ட் கேன்யனுக்கு மான்யுமென்ட் வேலியிலிருந்து வரும்போது கிழக்கே டெசர்ட் வியூ வாசல் வழியாக நுழைவீர்கள். பாஸைக் காட்டினால் போதும். தெற்கு விளிம்பில் பஸ்கள் இலவசம். மார்ச் முதல் நவம்பர் வரை ஹெர்மிட் சாலையில் சொந்தக் கார் கூடாது, அங்கேயும் அந்த இலவசப் பஸ்தான். வடக்கு விளிம்பு மார்ச்சில் மூடியிருக்கும். 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோனது. அதனால் தெற்கு மட்டும்தான்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். வேலி ஆஃப் ஃபயர் 15, ஸ்பிரிங்டேல் பார்க்கிங் 20, ஹார்ஸ்ஷூ பெண்ட் 10, மான்யுமென்ட் வேலி 32, ஆன்டிலோப் அதிகபட்சமாக 400. மொத்தம் 477 டாலர். மகளின் பாஸ் கைக்கு வராவிட்டால் 80 சேர்த்து 557. கட்டணங்கள் ஏறக்கூடியவை, ஆகவே 600 என்று வட்டமாக வைத்துக்கொண்டால் நிம்மதி. இதில் பெரும்பங்கு ஒரே ஒரு கேன்யனுக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். மூன்று பெரிய நேஷனல் பார்க்குகளும் சேர்ந்து உங்களுக்கு ஒரு காசும் செலவில்லாமல் முடியலாம். சுற்று ஏறத்தாழ 1,000 மைல், உள்ளூர் ஓட்டத்தோடு 1,100. சாதாரணக் காருக்கு 40 கேலன் பெட்ரோல். செயின்ட் ஜார்ஜிலும் பேஜிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். வெகுதூரம் தள்ளித் தள்ளித்தான் பெட்ரோல் பங்க் வரும், பாதித் தொட்டிக்குக் கீழே போக விடாதீர்கள். அந்த இரண்டு ஊர்களிலும் பெரிய மளிகைக் கடைகள் உண்டு. தயிர், ரொட்டி, பழம் வாங்கி வைத்து, சின்ன ரைஸ் குக்கர் ஒன்றும் கொண்டு வந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பூங்காக்களில் தண்ணீர் பாட்டில் நிரப்பக் குழாய் இருக்கிறது, பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம்.

முன்பதிவில் முதலில் ஆன்டிலோப் நேரத்தைப் பிடியுங்கள். விடுமுறை வாரத்தில் நல்ல நேரங்கள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அது கிடைத்த நாளை வைத்து ஓட்டல்களை முன்னும் பின்னும் அமைத்துக்கொள்ளலாம். ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்பதை இரண்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேகஸிலிருந்து பக்கம்தானே, கண்ணாடிப் பாலம் உள்ள கிராண்ட் கேன்யனையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2007இல் திறந்த அந்த ஸ்கைவாக் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்ட் என்ற இடத்தில். அது நேஷனல் பார்க்கின் பகுதி இல்லை, ஹுவாலபாய் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் நிலம். டிக்கெட் தலைக்கு, பாஸ் செல்லாது, மகளின் இலவசச் சீட்டும் செல்லாது. தெற்கு விளிம்பிலிருந்து வேகஸுக்கு 280 மைல் ஓட்டும் கடைசி நாளில் அதற்கு நேரமும் இருக்காது. தெற்கு விளிம்புக்குப் போக முடியாமல் ஒரே நாளில் வேகஸிலிருந்து போய் வருபவர்களுக்கு அது நல்ல இடம். உங்களுக்கு இந்தத் தடவை வேண்டாம்.